பாதிக் கூரை

காலரில் லிப்ஸ்டிக் கறை இருந்திருந்தால்கூட அவள் இவ்வளவு குழம்பியிருக்க மாட்டாள். கணவனின் சட்டையில் கறை இருந்தது கைமடிப்பில். அதுவும் ஒரே நிறமில்லை. சிவப்பு, ரோஸ், ஆரஞ்சு, கத்திரிப்பூ நிறம்.

சலவைக் கடை கவுன்ட்டரில் அவளுக்கு வேலை. வருகிற துணியை விரித்து, கறை பார்த்து, சீட்டு ஒட்ட வேண்டும். எண்ணெயா, மையா, லிப்ஸ்டிக்கா என்று தொடாமலே சொல்லிவிடுவாள். கறையோடு சேர்த்து அந்த வீட்டுக் கதையையும் சொல்வாள். அவளும் இஸ்திரி போடும் தோழியும் ஊரார் சட்டைகளைப் பார்த்துச் சிரிக்காத நாளில்லை. இன்று சொந்த வீட்டுச் சட்டையே மேஜையில் கிடந்தது.

“காலர்னா ஒருத்தின்னு சொல்லலாம். நாலு கலர்னா எப்படிடி கணக்கு?” என்றாள் தோழி.

“வாயை மூடிட்டு வேலையைப் பாரு.”

கணவன் ஆஸ்பத்திரியில் ஏசி மெக்கானிக். வீட்டில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். கொஞ்ச நாளாக வீட்டுக்கு வரத் தாமதம். கேட்டால் ஃபில்டர் பார்த்தேன் என்பான். தினமுமா ஒருத்தன் ஃபில்டர் பார்ப்பான்?

அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து டூல்ஸ் பையைக் குடைந்தாள். ஸ்பேனர்களுக்கு அடியில் ஒரு டப்பா. திறந்தால், உள்ளே கடையே வைக்கலாம் போல லிப்ஸ்டிக்குகள். எல்லாமே பாதி தேய்ந்தவை. அதுதான் அவளைக் கொன்றது. புதுசாக இருந்தால் தனக்கு வாங்கியது என்று ஏமாந்தாவது போயிருக்கலாம்.

இருப்பதிலேயே பளிச்சென்ற சிவப்பை எடுத்து ஒளித்துவைத்தாள். நாளைக்கு இல்லை என்று சாதித்தால் சாட்சி வேண்டுமே.

அன்றிலிருந்து அவன் பையைக் கவிழ்த்துக் கவிழ்த்துத் தேடினான். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, ஒரு சின்ன ஸ்பேர் பார்ட் என்றான். முகத்தைப் பார்த்தாலே பொய் என்று தெரிந்தது.

அவளுக்குப் பழசெல்லாம் கிளம்பியது. குழந்தைக்கு வாய்ப்பில்லை என்று டாக்டர்கள் கைவிரித்த அன்று, இனி இந்த வீட்டில் குழந்தைப் பேச்சே வேண்டாம் என்று அழுதவள் அவள்தான். அவன் ஒரே வார்த்தையில் சரி என்றான். அப்போதே மனசு வேறு பக்கம் போயிருக்கும் என்று இப்போது தோன்றியது.

சாயந்திரம் லிப்ஸ்டிக்கைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போய்விட்டாள். ஏசி மெக்கானிக் எங்கே என்றதும், “மேல கண்ணாடி ரூம்கிட்ட இருப்பாரு. இந்நேரத்துக்கு அங்கதான்” என்றார் வாட்ச்மேன், உலகத்துக்கே தெரிந்த விஷயம் மாதிரி.

படியேறித் திரும்பும்போதே ஒரு பெண் குரல் கேட்டது.

“நான் குடுத்த சிவப்பு இன்னுமா கிடைக்கல?”

கொடுத்தவளே கேட்கிறாள். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று என்று விறுவிறுவென்று நடந்தவள், சுவரோரம் சட்டென்று நின்றுவிட்டாள்.

பெரிய கண்ணாடிச் சுவர். அதன் முன்னால் கணவன் மண்டியிட்டு ஒவ்வொரு லிப்ஸ்டிக்காகக் காட்டிக்கொண்டிருந்தான். உள்ளே கட்டிலில், தலையில் ஒரு முடிகூட இல்லாத சின்னப் பெண் திரும்பிப் பார்த்தாள், தலையை ஆட்டினாள், மறுபடி முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள். கண்ணாடி முழுக்க லிப்ஸ்டிக்கில் சூரியன், ஊஞ்சல், நாய்க்குட்டி, ஸ்கூல் பை.

பக்கத்தில் நின்ற நர்ஸ், அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி, அவளைப் பார்த்து, யாரோ பார்க்க வந்தவர் என்று நினைத்துத் தானாகவே சொன்னாள். உள்ளே கிருமி போகக்கூடாதாம். பெயின்ட் வாசனை, சாக்பீஸ் தூசி எதுவும் ஆகாதாம். அதனால் குழந்தை உள்ளேயிருந்து விரலால் கோடு போடும். அதே கோட்டில் ஏசி மாமா வெளியேயிருந்து லிப்ஸ்டிக் போடுவாராம். நர்ஸுகள் எல்லோரும் பாதி தேய்ந்ததைக் கொடுத்துவிடுவார்களாம்.

“வீட்டுக்குப் போனதும் என்னென்ன செய்யப்போறான்னு எல்லாத்தையும் வரைஞ்சுட்டா. வீடு மட்டும்தான் பாக்கி.”

கணவன் திரும்பினான். அவளைப் பார்த்ததும் திருடன் மாதிரி எழுந்தான்.

“ஏங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“குழந்தைப் பேச்சே வேண்டாம்னு சொன்னியேம்மா.”

அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். கண்ணாடியின் ஓரத்தில் அந்த வீடு நின்றது. சுவர், கதவு, ஜன்னல் எல்லாம் இருந்தன. கூரை மட்டும் பாதியில் நின்றது, பளிச்சென்ற சிவப்பில்.

“அந்தச் சிவப்பு எங்கேயோ தொலைஞ்சு போச்சு,” என்றான் அவன். “வேற சிவப்பு ஆகாதாம். கூரை இல்லாத வீட்டுக்கு எப்படிப் போறதுன்னு பாப்பா ரெண்டு நாளா சரியா சாப்பிடலை.”

அவள் கையை விரித்தாள். வியர்வையில் நனைந்துபோயிருந்தது சாட்சி.

அவன் அதைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். ஏன் எடுத்தாய் என்று கேட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

“நகருங்க,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் மண்டியிட்டு, கண்ணாடியை மெல்லத் தட்டினாள். “கூரையைப் பிரிச்சுப் போட்டவளே மேயறேன்.”