மேடையில் செய்த சத்தியம்

"சண்டை நடக்கிற நேரத்துல உங்களுக்குப் பாட்டு கேக்குதான்னு லண்டன்ல கேக்குறாங்க. நம்ம வாய அடைக்க அவங்க யாரு?"

அமைச்சர் கேட்டதும் கூடாரமே கைதட்டியது.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அதையும் மீறி அவர் குரல் கடைசி வரிசை வரை போனது. எத்தனை பெரிய பதவிக்குப் போனாலும், வெல்ஷ்காரர்களின் பாட்டுத் திருவிழாவான இந்த ஐஸ்டெத்வோடுக்கு வந்தால் அவர் தாய்மொழி வெல்ஷில்தான் பேசுவார். இந்த வருடம் பாட்டுப் போட்டிக்கு வந்தவர்களைவிட அவர் பேச்சுக்கு வந்தவர்களே அதிகம்.

மேடையில் கறுப்பு உடையில் ஒரு வரிசைப் பெண்கள். ஜெர்மனியோடு நடக்கும் போரில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். ஓரத்து நாற்காலியில் லோரி.

அவள் மகன் இதெல் கல் குவாரியில் வேலை பார்த்தான். போன வருடம் இதே அமைச்சர் குவாரி வாசலில் பேசியதைக் கேட்டுவிட்டு, வீட்டுக்குக்கூட வராமல் நேரே போய்ப் பட்டாளத்தில் பெயர் கொடுத்தான். அமைச்சர் அவன் தோளில் தட்டி அனுப்பினார்.

வசந்தத்தில், பிரான்சில் இறந்துவிட்டான் என்று மட்டும் தகவல் வந்தது.

பிறகு கெதின் காலில் குண்டடிபட்டு ஊர் திரும்பினான். இதெலோடு ஒரே பிரிவில் இருந்தவன். லோரியின் சமையலறையில் உட்கார்ந்து, அவன் எப்படிச் செத்தான் என்று சொன்னான். கொடுத்த தேநீரைத் தொடாமல் எழுந்து போனான்.

அதுவரை எந்த இரங்கல் கூட்டத்துக்கும் போகாத லோரி, மறுநாளே விழாக்குழுவிடம் போய், மேடையில் தனக்கும் ஒரு இடம் வேண்டும் என்றாள்.

"நாங்க கூப்பிட்டப்பல்லாம் வரல. மினிஸ்டர்னதும் ஓடி வந்துட்டியேடி" என்று பக்கத்து நாற்காலி மோர்விட் குத்திக்காட்டினாள்.

"அவர்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

பேச்சு முடிந்தது. அமைச்சர் வரிசையாக வந்து ஒவ்வொருத்தியின் கையையும் பிடித்து ஆறுதல் சொன்னார். தன்னிடம் வந்ததும் லோரி எழுந்து நின்றாள்.

"என் புள்ளையக் கொன்னவங்கள என்னய்யா பண்ணப் போறீங்க?"

தேவாலயத்தில் பாடிப் பழகிய குரல். எல்லோருக்கும் கேட்டது.

இப்படி ஒரு தருணத்தை அமைச்சர் நழுவ விடுவாரா? அவள் கையைப் பிடித்து உயரத் தூக்கினார்.

"இந்தத் தாய் மேல சத்தியம்! இவங்க புள்ளையக் கொன்னவன் எவனா இருந்தாலும், எங்க போய் ஒளிஞ்சாலும், விடமாட்டோம்!"

"விடமாட்டோம்!" கூட்டம் பெஞ்சுகள் மேல் ஏறி நின்று கத்தியது.

லோரி காத்திருந்தாள். சத்தம் முழுவதும் அடங்கட்டும் என்று காத்திருந்தாள்.

"அவன ஜெர்மன்காரன் கொல்லலய்யா. குண்டு விழுந்த பயத்துல பதுங்குகுழிய விட்டு ஓடியிருக்கான். நம்ம பட்டாளமே புடிச்சுட்டு வந்து, கம்பத்துல கட்டி வெச்சு சுட்டுருச்சு. எங்கயும் தேட வேணாம், உங்க ஆளுங்கதான். சத்தியம் பண்ணீங்கல்ல? விடாதீங்க."

அமைச்சர் கையை இழுத்துக்கொண்டார். முகத்தில் ரத்தமே இல்லை.

அந்த முகத்தைப் பார்க்கத்தான் அவள் வந்திருந்தாள். ஆற அமரப் பார்த்தாள். மகன் போன பிறகு அன்றுதான் அவளுக்கு மூச்சு ஒழுங்காக இறங்கியது.

"பாவம். துக்கத்துல புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று அமைச்சர் கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பாடகர் குழுவுக்குக் கை காட்டினார்.

பாடகர்கள் யாரும் பாடத் தொடங்கவில்லை.

பின்வரிசையில் யாரோ ஊன்றுகோலை ஊன்றி எழுந்தார்கள். கெதின்.

"அவங்களுக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு. அவங்க சொன்னது நெஜம்."

"உனக்கு எப்படிய்யா தெரியும்?" அமைச்சர் அதட்டினார்.

கெதின் அவரைப் பார்க்கவில்லை. லோரியைப் பார்த்தான்.

"சுட்டவங்கள்ல நானும் ஒருத்தன்."

அன்றைக்கு அவன் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். இதைத் தவிர.