தொப்பிச் சட்டம்

"ஏம்மா, நில்லு! தொப்பி இல்லாம இதுல இறங்கக் கூடாது."

ஒரு காலை வெந்நீரில் வைத்த பிரோஷ்கா, மறு காலைப் படியில் ஊன்றியபடி அப்படியே நின்றாள்.

குளத்தின் நடுவில் கழுத்தளவு நீரில் ஒரு பெண்கள் கூட்டம். எல்லோர் தலையிலும் ரப்பர் தொப்பி. பூப்போட்டது, புள்ளி வைத்தது, கோடு போட்டது. சத்தம் போட்ட வில்மாவின் தலையில் தக்காளிச் சிவப்பு.

பிரோஷ்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. தங்கை மகள் கல்யாணத்துக்காக டெப்ரெட்செனிலிருந்து புடாபெஸ்ட் வந்தவள் அவள். சாயங்காலம் கல்யாணம். காலையிலேயே அழகு நிலையத்தில் உட்கார்ந்து, முடியைச் சுருள் சுருளாகச் செய்துகொண்டு வந்திருக்கிறாள். தலைநகர் வரை வந்துவிட்டு, இந்தப் பழைய குளியல் மாளிகையில் ஒரு முறை உட்காராமல் திரும்பினால் அவள் முழங்காலே அவளை மன்னிக்காது. தோள் வரை நனைவது, தலையைத் தொடவிடாமல் எழுந்துவிடுவது என்பது அவள் திட்டம்.

"தொப்பி நீச்சல் குளத்துக்குத்தாங்க. வெந்நீர்க் குளத்துக்கு இல்ல. எங்க ஊர்லயும் வெந்நீர் இருக்கு, எனக்குத் தெரியாதா?"

"உங்க ஊர்ல எப்படியோ. இங்க கட்டாயம்."

"அறிவிப்புப் பலகைல அப்படி எழுதலையே!"

"பலகையா உன்கிட்ட பேசுது? நான்தானே பேசறேன்!"

தொப்பிக் கூட்டம் கொல்லென்று சிரித்தது.

தலைநகரத்துக்காரர்களின் திமிர் பற்றி ஊரில் சொல்வதெல்லாம் உண்மைதான் என்று நினைத்துக்கொண்டே, பிரோஷ்கா விடுவிடுவென்று போய்க் குளத்துக் காவலரை இழுத்து வந்தாள். திபோர் என்று பெயர். பெரிய மீசை.

"கை முத்தம், அம்மா" என்று அந்த ஊர் வழக்கப்படி வணக்கம் சொன்னார். "என்ன பிரச்சினை?"

"இந்தக் குளத்துக்குத் தொப்பி வேணுமா, வேணாமா?"

திபோர் பலகையைப் பார்த்தார். வில்மாவைப் பார்த்தார். வில்மா கண்ணை உருட்டினாள்.

"வேணும்மா."

"பலகைல இல்லையே?"

"பலகை பழசு" என்றவர், பையிலிருந்து ஒரு நீலத் தொப்பியை எடுத்துத் தன் தலையிலேயே மாட்டிக்கொண்டார். கரையில் நிற்கிற மனிதருக்குத் தொப்பி எதற்கு?

"எல்லாரும் கூட்டா? இருங்க, உங்க மேலதிகாரியையே பார்க்கறேன்!"

அப்போது உடை மாற்றும் அறைக் கதவு திறந்தது. ஒல்லியாக ஒரு பெண் வந்தாள். தலையில் வெள்ளைத் தொப்பி. குளமே கப்சிப்.

"வா எத்தெல்கா, வா!" வில்மாவின் குரல் திடீரென்று தேனாகிவிட்டது. "இந்த அம்மா வெளியூர். சட்டம் தெரியாம வந்துட்டாங்க. தொப்பி வாங்கப் போறாங்க."

"சட்டம்னா சட்டம்தானே" என்று சிரித்துக்கொண்டே எத்தெல்கா நீரில் இறங்கினாள். மறுகோடிக்குப் போய், வெந்நீர் கொட்டும் குழாயடியில் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள்.

வில்மா கரைக்கு வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"கோவிச்சுக்காதம்மா. அவளுக்குப் புற்றுநோய். மருந்துல முடி பூரா கொட்டிப் போச்சு. எல்லாரும் தலையையே பார்ப்பாங்கன்னு வீட்டுலயே அடைஞ்சு கிடந்தா. நகராட்சி புதுசா தொப்பிச் சட்டம் போட்டிருக்குன்னு நாங்கதான் புளுகினோம். அதுலேருந்து ஒரு செவ்வாய்க்கிழமை தவறாம வர்றா."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!"

"எப்படிச் சொல்றது? அவ கதவுக்கு அந்தப் பக்கம் துணி மாத்திக்கிட்டிருந்தா."

பிரோஷ்காவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. தன் சுருள்களைக் கடைசியாக ஒரு முறை தடவிப் பார்த்தாள். திபோர் நீட்டிய கிளிப்பச்சைத் தொப்பியை வாங்கி ஒரே அழுத்தாக அழுத்தினாள். அழகு நிலையத்தின் உழைப்பு அத்தனையும் அதற்குள் நசுங்கியது.

ஆனால் வெந்நீர் சொர்க்கமாக இருந்தது. கூட்டம் அவளை நடுவில் உட்கார வைத்துக் கல்யாணக் கதை முழுவதையும் கறந்துவிட்டது.

"மாப்பிள்ளை தலைல முடி இருக்கா?" என்று கேட்டாள் வில்மா.

"கொஞ்சம் கம்மிதான்."

"அப்ப இங்க கூட்டிட்டு வா. தொப்பி நாங்க தர்றோம்!"

சிரித்துச் சிரித்து பிரோஷ்காவுக்கு முழங்கால் வலியே மறந்துபோனது.

பிறகு, உடை மாற்றும் அறைக் கண்ணாடி முன் நின்று, படிந்துபோன முடியோடு அவள் போராடிக்கொண்டிருந்தபோது எத்தெல்கா உள்ளே வந்தாள். கதவைத் தாழிட்டாள். தொப்பியைக் கழற்றினாள்.

உள்ளே அடர்த்தியான நரைமுடி!

"அட, முடி வந்துடுச்சா!"

"உஷ்! மெதுவா. ஈஸ்டருக்கே வந்துடுச்சு. உடம்பும் தேறிடுச்சு."

"அப்ப எதுக்கு இன்னும் தொப்பி? சொன்னா எவ்வளவு சந்தோஷப்படுவாங்க! அந்தச் சட்டம்கூட..." பிரோஷ்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பொய்தானே? எனக்குப் படிக்கத் தெரியாதா என்ன? முதல் நாளே பலகையைப் படிச்சுட்டேன்."

"பின்னே?"

எத்தெல்கா கம்பளித் தொப்பியை எடுத்து, ஒரு முடி வெளியே தெரியாமல் காது வரை இழுத்துவிட்டாள்.

"போன மாசம் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரி போயிருந்தேன். அதே மருந்து ஏத்தற அறைல வில்மா உட்கார்ந்திருந்தா. என்னைப் பார்க்கலை. யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கா."

கதவின் தாழை விலக்கிவிட்டுத் திரும்பிக் கண் சிமிட்டினாள்.

"அவளுக்கு முடி முளைக்கட்டும். அதுவரைக்கும் சட்டம்னா சட்டம்தான்."