டயருக்கு முன்னால் எலுமிச்சம்பழம்

செங்கோடனின் பழைய லாரிக்கு, உடைப்புக்கு வந்த வேறொரு லாரியின் கியர்பாக்ஸைத் துளசிமணி ஒற்றை ஆளாக மாட்டி முடித்திருந்தாள். நசுக்கிக்கொண்டு கிளம்ப, முன்சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள்.

"பழசுல ஃபர்ஸ்ட் இருந்த இடத்துல இதுல ரிவர்ஸுங்கண்ணா" என்று சொல்லித்தான் செங்கோடனை ஓட்டுநர் இருக்கையில் ஏற்றினாள். இருபது வருடப் பழக்கம், அவர் கை கேட்கவில்லை. லாரி பின்னால் நகர்ந்தது. பழங்கள் அப்படியே கிடந்தன.

"அபசகுனம்" என்றது பட்டறை வாசலில் நின்ற கூட்டம். முகம் வெளுத்த செங்கோடன் பிரேக்கை மிதித்துவிட்டு இறங்கப் போனார்.

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த துளசிமணி திரும்பினாள். "பாக்ஸ்ல சின்ன முனகலாவது கேட்டுச்சா?"



பழங்களைப் பொறுக்கிக்கொண்டு போய்ப் பின்சக்கரங்களுக்குப் பின்னால் வைத்தாள்.

"இறங்காதீங்கண்ணா. அதே கியரப் போடுங்க."