நாகஜோதியின் வரைபடம்

கொத்தமங்கலத்து வீட்டில், மடிக்கணினியின் வெளிச்சம் நாகஜோதியின் முகத்தில் விழுகிறது. ஈய அணுக்கருக்கள் மோதும்போது பிறக்கும் கொதிகுழம்பைத் துளைத்துப் போகும் துகள்தாரை எவ்வளவு ஆற்றலை இழக்கிறது என்பதை வருடக்கணக்காக அளந்து முடித்திருக்கிறாள். "அந்த இழப்பு உங்கள் கருவியின் பிழையாக இருக்கலாமே?" என்று திரையில் கூடியிருக்கும் ஆய்வுக்குழுவின் வெளிநாட்டுத் தலைவர் ஆங்கிலத்தில் கேட்கிறார். அவள் பதறாமல், அந்தக் கொதிகுழம்பு பிறக்காத புரோட்டான் மோதல்களின் வரைபடத்தை எடுத்துக் காட்டுகிறாள். அதே கருவிதான், அங்கே அந்த இழப்பு இல்லை. திரை முழுக்கக் கைதட்டல். கதவருகே நிற்கும் அம்மா மீனம்மாளைத் திரும்பிப் பார்க்கிறாள். "ஒத்துக்கிட்டாகம்மா. நான் அளந்தது சரிதானாம்." மீனம்மாள் கொல்லைச் சுவருக்கு ஓடிப் பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளியைக் கூப்பிடுகிறாள். "மதினி! எம்மக அளந்தது சரின்னு வெளிநாட்டுக்காரவுகளே ஒத்துக்கிட்டாக!" "என்னத்த அளந்தா?" "அதெல்லாம் எனக்குத் தெரியாது மதினி. ஆனா, சரியா அளந்திருக்கா!"