சந்தனப் பொட்டு வைத்த லென்ஸ்

நவநீதனின் கேமரா பெட்டிக்குள் நீளமான புது லென்ஸ் ஒன்று வந்து இறங்கியது. பூஜையில் வைத்த சந்தனப் பொட்டு இன்னும் காயவில்லை.

"இனிமே பறவை, புலி எல்லாம் என் பொறுப்பு. நீங்க ஓய்வெடுங்க அண்ணே," என்றது, கேமராவோடு கூடவே வந்த பழைய குட்டி லென்ஸிடம்.

"ரொம்ப சந்தோஷம் தம்பி."

பக்கத்தில் கீறல்கூட இல்லாமல் ஐந்து பெரிய லென்ஸ்கள் படுத்திருந்தன.

"இவங்க எல்லாம் என்ன படம் எடுத்திருக்காங்க?"

"இவங்க எங்க எடுத்தாங்க? வாங்கின அன்னிக்கு நவநீதன் இவங்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். அதோட சரி."

"எந்த லென்ஸால எடுத்தார்?"

அதற்குள் பெட்டி திறந்தது. நவநீதன் புது லென்ஸை மேஜைமேல் நிறுத்தினார். குட்டி லென்ஸைக் கேமராவில் மாட்டினார்.

"கொஞ்சம் சிரி தம்பி," என்றது குட்டி லென்ஸ்.