மூடி பூட்டவில்லை

வாயில் போட்ட கேக்கை மதீசன் விழுங்குவதற்குள் வீட்டின் பின்பக்கத்திலிருந்து பீப், பீப் என்று சத்தம் வந்தது.

"வாஷிங் மெஷின் திரும்பவும் ரோசாக், கெட்டுப்போச்சு," என்றார் பெண்ணின் அப்பா குலசிங்கம். "மூடி பூட்ட மாட்டேங்குது. தண்ணி நெறையுது, அப்புறம் இப்படிக் கத்துது."

"எங்க தம்பி எஞ்சினியர்தானே அங்கிள். பாத்துருவான்," என்றாள் மதீசனின் அக்கா நிரோஷா. அவன் விலாவில் அவள் முழங்கை இடித்தது.

மதீசன் கேமரன் மலைச் சாலையில் சரிவுகளைச் சோதிக்கிற எஞ்சினியர். மண் சரியுமா, சரியாதா என்று சொல்வான். வாஷிங் மெஷினைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அதில் அழுக்குத் துணியைப் போட வேண்டும் என்பதுதான்.

எழுந்தபோது அக்கா காதோரம் சொன்னாள். "'தெரியல'ன்னு மட்டும் வாயத் தொறந்துறாத. போன எடம் அதுலதான் கெட்டுச்சு. பிரமோஷன் எப்பன்னு கேட்டா தெரியல. வீடு எப்ப வாங்குவீங்கன்னு கேட்டா தெரியல. யாருடா பொண்ணு குடுப்பா?"

இந்த இடம் கெடக்கூடாது என்று அவனுக்கே இருந்தது. கேக் தட்டை நீட்டும்போது அந்தப் பெண், தர்மினி, "நான் செஞ்சது இல்ல, கடையில வாங்குனது" என்று அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொல்லியிருந்தாள். அந்த நிமிடமே அவன் முடிவு செய்துவிட்டான்.

பின்பக்கம், துவைக்கிற இடத்தில், தர்மினி சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். மெஷின் நிறையச் சோப்புத் தண்ணீர். அதற்குள் படுக்கை விரிப்புகள், தலையணை உறைகள்.

மதீசன் பிளக்கைப் பிடுங்கினான். கொஞ்சம் பொறுத்து மாட்டினான். பீப். மூடியை இரண்டு கையாலும் அழுத்தினான். பீப். பழைய டூத் பிரஷ் கேட்டு வாங்கிப் பூட்டு ஓட்டையைத் தேய்த்தான். பீப்.

பிறகு கைபேசியை எடுத்து, மட்டம் பார்க்கும் செயலியைத் திறந்து மெஷின்மேல் வைத்தான்.

"என்ன பாக்குறீங்க?" என்றாள் தர்மினி.

"சரிவு இருக்கான்னு."

"இருக்கா?"

"இல்ல. நேராத்தான் இருக்கு."

"அப்ப மண் சரியாதுலா."

அவன் சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள் குலசிங்கம் வாசற்படியில் வந்து நின்றார். "போன ஞாயித்துக்கெழம வந்த தம்பி, ஃபார்மசி வெச்சிருக்காரு, ஓங்கி ஒரு ஒத விட்டாரு. அதுக்கு முந்தி வந்தவரு பேங்க் ஆபீசர். தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்கன்னுட்டாரு."

ஃபார்மசிக்காரரையும் பேங்க் ஆபீசரையும் கூப்பிட்டவர் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாமே என்று மதீசன் நினைத்தான். கேட்கவில்லை. பெண் வீட்டாரிடம் கேட்கக்கூடாதவற்றின் பட்டியலை அக்கா காரிலேயே சொல்லியிருந்தாள்.

"என்ன கோளாறுன்னு தெரிஞ்சிச்சா?" என்றாள் தர்மினி.

சென்சார் போயிருச்சு, போர்டு மாத்தணும். நுனிநாக்கில் பதில் தயாராக இருந்தது. சொன்னால் யாரும் மறுக்கப் போவதில்லை. அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"தெரியலைங்க," என்றான். "நான் மண்ணு பாக்குற ஆளு."

ஹாலில் அக்காவின் தேநீர்க் கோப்பை சாஸரில் மோதும் சத்தம் கேட்டது.

"ஆனா துணி ஊறிக்கிட்டே கெடக்கு. விட்டா நாத்தம் வந்துரும்," என்று சொல்லி, சட்டைக் கையை மடித்துவிட்டு மெஷினுக்குள் கையை விட்டான்.

"புதுச் சட்ட நனையுது."

"காஞ்சிரும்."

விரிப்புகளைப் பிளாஸ்டிக் பேசினில் போட்டுக் கும்மினான். குழாயடியில் அலசினான். குலசிங்கம் ஏதோ சொல்ல வந்து, மகளைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். மதீசன் ஒரு விரிப்பின் முனையைத் தர்மினியிடம் நீட்டினான்.

இருவரும் திருகினார்கள். ஒரே பக்கமாகத் திருகியதில் விரிப்பு சும்மா சுற்றியது, சொட்டுத் தண்ணீர் வரவில்லை. தர்மினி வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு கையை மாற்றினாள். தண்ணீர் கொட்டியது, பெரும்பாலும் அவன் காலில்.

பிழிந்ததை எல்லாம் வாளியில் தூக்கிக்கொண்டு அவன் கொடிக்குப் போனான். வேலிக்கு அப்பால் சுண்ணாம்புக்கல் மலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. காயப்போட நல்ல நேரம்தான்.

நிரோஷா பின்னாலேயே வந்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"அதோட விட்டியா? வீட்டுக்கு வந்த மாப்பிள்ள, அவங்க படுத்துத் தூங்குன விரிப்பக் கும்மிக்கிட்டு நிக்கிற. பொண்ணோட அம்மா கிச்சன்ல வாயப் பொத்திக்கிட்டு நிக்கிறாங்க, அழுறாங்களா சிரிக்கிறாங்களான்னு தெரியல."

"நீயும் தெரியலன்னு சொல்ற."

"வாய மூடு. போலாம், கார் சாவிய எடு."

மதீசன் கடைசி விரிப்பில் கிளிப்பை மாட்டினான். சாவியைத் தேடிப் பைக்குள் கையை விட்டான். அப்போது பின்னால் டக் என்றது. பீப் நின்றது. அக்காவும் தம்பியும் ஒன்றாகத் திரும்பினார்கள்.

மெஷின் மூடி பூட்டியிருந்தது. உள்ளே மிச்சமிருந்த தலையணை உறைகள் சுற்ற ஆரம்பித்திருந்தன. தர்மினி, தானே பிடுங்கி ஒளித்து வைத்திருந்த, மூடியைப் பூட்ட வைக்கும் காந்தத்தை அதன் இடத்திலேயே திரும்பப் பொருத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அப்பா, இனிமே வேற யாரையும் வரச் சொல்லாதீங்க."