இசையில் தேறாதவன்

லிசியாதேவுக்கு இசை உதவித்தொகை கொடுத்துச் சேர்த்துக்கொண்ட சிட்னி பள்ளி, இப்போது அதை நிறுத்தப்போவதாகச் சொன்னது.

"உங்க பையன் மியூசிக்ல தேறலைம்மா," என்றார் தலைமை ஆசிரியர்.

"போன டேர்ம் இவன்தானே சார் முதல் மார்க்?" என்றாள் அம்மா மெலேயானே. "எங்க டோங்கா தீவுக்காரங்க சர்ச் பேண்டுல டிரம்பெட்டே இவன்தான். டேய், ஊதிக் காட்டுடா!"

அவன் உட்கார்ந்தபடியே ஞாயிறு ஆராதனைப் பாட்டை ஊதினான். வராந்தாவில் போனவர்கள் நின்று கேட்டார்கள்.

"பிரமாதம்," என்றார் தலைமை ஆசிரியர். "ஆனா முடிவு முடிவுதான்."

"பிரமாதம்னும் சொல்றீங்க, போன்னும் சொல்றீங்க. என்னதான் சார் குறை?"

அவர் ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்தார்.

"விடும்மா, போலாம்." லிசியாதே நாற்காலிக்குப் பின்னால் சாய்த்திருந்த ஊன்றுகோல்களை அக்குளில் செருகிக்கொண்டு எழுந்தான்.

வராந்தாவில் நடந்தபடியே அம்மாவிடம் சொன்னான்: "ரக்பி ஆடுறதுக்காக உதவித்தொகை தரக் கூடாதுன்னு இந்தப் பள்ளிகளுக்குள்ள ஒரு விதி. அதனால என்னை மியூசிக்னு சொல்லிச் சேர்த்தாங்க. மியூசிக் வகுப்பு நேரமெல்லாம் மைதானத்துலதான் ஓடவிட்டாங்க. முட்டி போச்சு, மியூசிக்கும் போச்சு."

வாசலில் டிரம்பெட்டை அம்மாவிடம் கொடுத்தான்.

"இந்த ஸ்கூல்ல நான் இதை வாயில வச்சதே இன்னிக்குத்தான்."